நிறைந்து வந்த பைகள்

என் தங்கை சிவனம்மாள் பி.ஏ. பொருளாதாரம் படித்தவள். எங்கள் சொந்தத்தில் பெண்பிள்ளைகளில் கல்லூரிக்குப் போனது அவள் ஒருத்திதான். நான் எட்டாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவன். நாகல் நகரில் எனக்கு ஒரு கடை. அவள் பட்டம் வாங்கிய போட்டோவைக் கடையில் அளவெடுக்கிற இடத்துக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன். அளவு கொடுக்க நிற்பவர்கள் அசையாமல் நேரே பார்க்க வேண்டும் என்பதால் எல்லோர் கண்ணிலும் அது படும். யார் என்று கேட்பார்கள். சொல்வேன்.

அவளைக் கட்டிய மாப்பிள்ளை காமராஜ் ஒரு நூல் மில்லில் பிட்டர். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது வத்தலக்குண்டு ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். குழந்தை இல்லை. காரியம் முடிந்ததும் நான் போய்த் தங்கையைக் கூட்டி வந்தேன்.

அவள் அழவில்லை. என் மனைவி அங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, தான் அழுது காட்டிப் பார்த்தாள். அதற்கும் அழவில்லை. சொன்ன வேலையைச் செய்வாள். பூண்டு உரி என்றால் உரிப்பாள். போதும் என்று சொல்ல மறந்துவிட்டால் வீட்டில் இருக்கிற பூண்டு முழுவதையும் உரித்து வைத்துவிடுவாள். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். இரண்டு வருஷம் இப்படியே போனது.

திண்டுக்கல்லைத் தனி மாவட்டமாகப் பிரித்த சமயம், மதுரையிலிருந்து சௌகத் அலி என்பவர் என் கடைக்கு வந்தார். காடாத்துணியில் முழங்கை நீளத்துக்கு, வாயில் நாடா வைத்து, நிறையப் பைகள் வேண்டும் என்றார்.

"மூலையில ரெண்டு தையல் போடுங்க டெய்லரே. கிழிஞ்சிரக் கூடாது."

"எதுக்கு பாய் இம்புட்டுப் பை?"

"குப்பை போட."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். சோப்பு, பல்பொடி, டீத்தூள், துணி துவைக்கிற பவுடர் செய்கிற கம்பெனிகளுக்கு, எந்த ஊரில் எந்த மாதிரிக் குடும்பம் எதை எவ்வளவு வாங்குகிறது என்று விசாரித்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்று மெட்ராஸில் இருக்கிறது. இவர் அதில் சூப்பர்வைசர். இதுவரை மதுரையோடு சேர்த்துப் பார்த்த கணக்கை, இனித் திண்டுக்கல்லுக்குத் தனியாகக் கேட்கிறார்களாம். வாயால் கேட்டால் ஜனங்கள் சரியாகச் சொல்வதில்லை. மறந்துவிடுகிறார்கள், அல்லது கௌரவத்துக்குக் கூட்டிச் சொல்கிறார்கள். அதனால் வீட்டுக்கு ஒரு பை. பிரித்த சோப்பின் தாளை, தீர்ந்த டீத்தூளின் உறையை அதில் போட்டு வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை ஆள் போய்க் கொட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு, பையைத் திருப்பி மாட்டிவிட்டு வரவேண்டும்.

"இதுல தங்கமுத்துன்னு ஒரு பயலப் போட்டிருக்கேன், குஜிலியம்பாறைக்கு. இங்க டவுனைச் சுத்திப் பொம்பளயாத்தான் வேணும். ஆம்பளைங்களை அடுப்படி வரைக்கும் விட மாட்டேங்குறாங்க. படிச்ச பொம்பளை யாராச்சும் இருக்காங்களா?"

நான் போட்டோவைக் காட்டினேன்.

வீட்டில் சொன்னதும் அங்கம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "குப்பை பொறுக்குறதுக்கா இவளை பி.ஏ. படிக்க வச்சீங்க? அதுக்கு நானே போதுமே."

சிவனம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "போறேண்ணே" என்றாள்.

அந்த இரண்டு வருஷத்தில் அவளாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

வேலைக்குப் போகும் முன் எங்களிடம்தான் கேட்டுப் பழகினாள். தாளில் கேள்விகள் அச்சடித்திருக்கும். குடும்பத்தில் எத்தனை பேர், வயது என்ன, படிப்பு என்ன, தொழில் என்ன, ரேடியோ உண்டா, சைக்கிள் உண்டா, மாதம் எத்தனை சோப்பு. கேள்வி ஏற்கெனவே அச்சில் இருந்ததால் அவளால் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

"மாசம் எத்தனை சோப்பு மதினி?"

"உங்க அண்ணன் குளிக்கிறதப் பொறுத்து. அவருக்கு இஷ்டமிருந்தா மூணு. இல்லைன்னா ஒண்ணு, அதுலயும் பாதி மிஞ்சும்."

"குடும்பத்துல ரெண்டு பேரு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"ரெண்டா? நீ எங்க போன?"

"நான் எழுதுறவ மதினி."

"ஒரே ஒலையில சோறு திங்கிறவ கணக்குல வர மாட்டாளாக்கும். மூணுன்னு எழுது."

அவள் அடித்துவிட்டு மூன்று என்று எழுதினாள்.

சின்னாளப்பட்டி, அகரம், தாடிக்கொம்பு மூன்றும் அவளுக்கு. வீடு தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு முறை இருந்தது. தெருவில் இடது கைப் பக்கமாகவே நடந்து, இத்தனை வீடு விட்டு அடுத்த வீடு என்று எடுக்க வேண்டும். தெரிந்தவர் வீடு, வசதியான வீடு என்று பார்த்துப் போகக்கூடாது. அவள் அந்த முறையிலிருந்து ஒரு வீடுகூடத் தப்பியதில்லை. சின்னாளப்பட்டியில் ஒரு வீட்டில் நாய் கடிக்க வந்தபோதும் மறுநாள் அதே வீட்டுக்குத்தான் போனாள்.

எழுதி முடித்த தாள்களும் உறைகளும் என் கடையில் வந்து சேரும். அங்கிருந்து சௌகத் அலி எடுத்துப்போவார். அவள் மூட்டை எப்போதும் பெரியது. சோப்புத்தாள் தனியாக, டீத்தூள் உறை தனியாக, ஷாம்பு பாக்கெட் தனியாக நூல் போட்டுக் கட்டியிருப்பாள். தங்கமுத்துவின் மூட்டை சின்னது. அவன் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி விவசாயம் செய்கிற வீட்டுப் பையன். பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குள் வரும்போதே சிரித்துக்கொண்டு வருவான்.

"எங்க ஊர்ல மழை பேஞ்சாத்தான்க்கா சோப்பு. பேயலைன்னா அரப்பு."

மாதங்கள் போகப் போக அவன் சிரிப்பது குறைந்தது. மெட்ராஸில் இருவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தங்கமுத்து வீடுகளுக்கே போவதில்லை, டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சிவனம்மாளைப் பற்றி நேர்மாறாக. சௌகத் அலி ஒரு நாள் சந்தோஷமாக வந்தார்.

"டெய்லரே, சின்னாளப்பட்டிக்காரங்க மதுரைக்காரங்களை விட அதிகமா சோப்பு போடுறாங்களாம். சோப்புக் கம்பெனிக்காரன் தனி வேனே விடப் போறான். தங்கச்சிய சித்திரையிலேருந்து நிரந்தரம் பண்றாங்க. மாவட்டம் முழுக்க அதுதான் பாக்கும். தங்கமுத்துவை எடுத்துட்டு வேற ஆளைப் போடப் போறாங்க."

நான் இதை வீட்டில் சொன்னபோது அங்கம்மாள், "மதுரைய விட அதிகமாவா? அம்புட்டு அழுக்கா அங்க?" என்றாள். ஆனால் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். நிரந்தரமான வேலை என்பது சிவனம்மாளுக்கு என்னவென்று அவளுக்கும் தெரியும். நாங்கள் இருக்கும்வரை சோறு போடுவோம். அதற்கப்புறம்? அதை நாங்கள் மூவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

சின்னாளப்பட்டிக்கு அவள் போகும் நாள் வெள்ளிக்கிழமை. பங்குனியில் அந்த வெள்ளிக்கிழமை எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அதனால் இரண்டு நாள் முன்னாலேயே போய்விடலாம் என்றாள். கல்யாணப் பெண்ணுக்குச் சுங்குடிச் சேலை எடுக்க நானும் கூடப் போனேன்.

முதலில் அய்யம்மாள் வீடு. புருஷன், மகன், மருமகள், தான் என்று நான்கு பேர். உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அய்யம்மாள் வாசலில் நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைச் சேலையில் துடைத்தார்.

"என்ன தாயி, வெள்ளிக்கிழமையில்ல வருவ?"

"வெள்ளிக்கிழமை கல்யாணம்மா. இவர் எங்க அண்ணன். பையக் குடுங்க, எழுதிட்டுப் போயிடுறேன்."

அய்யம்மாள் அசையவில்லை. "மோர் குடிக்கிறியா?" என்றார். பிறகு, "வெயிலு என்ன போடு போடுது" என்றார். சிவனம்மாள் காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார். நான் தைத்த பை. மூலையில் இரண்டு தையல். அது தட்டையாக இருந்தது. சிவனம்மாள் கவிழ்த்தாள். ஒரு சோப்புத்தாளும் ஒரு டீத்தூள் உறையும் விழுந்தன.

"போன மாசம் பை கொள்ளாம இருந்துச்சேம்மா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரொப்பி வச்சிருப்பேன். நீ முன்னாடியே வந்து நின்னா நான் என்ன செய்ய?"

"எங்கேருந்து ரொப்புவீங்க?"

"பக்கத்து வீட்டுல கேப்பேன். பெட்டிக்கடைப் பயகிட்ட சொல்லி வச்சிருக்கேன், வாசல்ல பிரிச்சுப் போட்டதெல்லாம் பெருக்கி எடுத்து வப்பான். நான் மட்டுமா? நீ போற வீட்டுல எல்லாம் அப்படித்தான். எங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்டதுதான்."

"எதுக்கும்மா?"

அய்யம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்.

"எதுக்குன்னா கேக்குற. வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு பொம்பளப்பிள்ள வாசப்படி ஏறி வருது. கெளம்புறப்ப குங்குமம் குடுக்கணும், பூக் குடுக்கணும். மொத தடவ நீ வந்தப்ப சிமிழைக் கையில எடுத்துட்டேன். அப்புறம் உன் நெத்தியப் பாத்துட்டு, திரும்ப உள்ள கொண்டுபோய் வச்சேன். நீ அதைப் பாத்துக்கிட்டே நின்ன. குங்குமமும் குடுக்க முடியல, பூவும் குடுக்க முடியல. பையையும் வெறும் பையாவா குடுத்து அனுப்புறது? நெறஞ்சிருந்தா உன் வேலைக்கு நல்லதுன்னு நெனச்சோம்."

உள்ளே தறி நின்றிருந்தது. சிவனம்மாள் கீழே கிடந்த இரண்டு உறைகளையும் எடுத்து, தாளில் சோப்பு ஒன்று, டீத்தூள் ஒன்று என்று எழுதினாள்.

"செத்த நேரம் இரு தாயி. இந்தா ஓடிப்போய் வாங்கியாறேன்."

"வேண்டாம்மா. இதுதான் வேணும்."

அடுத்த வீட்டுக்குப் போனோம். அதற்கடுத்த வீட்டுக்கும். எல்லாப் பைகளும் தட்டையாகத்தான் இருந்தன. அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். கையெழுத்து எப்போதும்போல் அழகாகவே இருந்தது. நான் சேலை எடுக்க மறந்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய் எடுத்து வந்தேன்.

பஸ்ஸில், "என்ன நெனக்கிற?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் நெனக்கலண்ணே."

அவள் சொன்னது பொய்யில்லை. முகத்தில் எதுவும் இல்லை.

சனிக்கிழமை சௌகத் அலி கடைக்கு வந்தார். சிவனம்மாள் ஓரத்தில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல், நடந்ததைச் சொன்னாள். ஆரம்பத்திலிருந்து எல்லா மாதக் கணக்கும் தப்பு என்றாள். அகரத்திலும் தாடிக்கொம்பிலும் வியாழக்கிழமை திடீரென்று போய்ப் பார்த்ததாகவும், அங்கேயும் இதே கதைதான் என்றும் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"நமக்குத்தான்."

"அப்ப சித்திரை வரைக்கும் வாயத் தொறக்காதம்மா. உத்தரவு கைக்கு வந்துரட்டும். அப்புறம் மெதுவா கணக்கைக் குறைச்சுக்கிட்டு வரலாம். ஒரேயடியா குறைச்சாத்தான சந்தேகம்."

"தங்கமுத்து கொண்டு வர்றதுதான் சார் சரியான கணக்கு. அவனை நிறுத்துறாங்க."

"அவன் சின்னப் பய. வேற வேலை பாத்துக்குவான்."

"சரியான கணக்குக்கு நிறுத்துறாங்க" என்றாள் அவள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சௌகத் அலி என்னைப் பார்த்தார். அண்ணன் என்ற முறையில் நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். படித்தவள் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. அவர் எழுந்து போனார். அன்று மாலையே மெட்ராஸுக்குப் பஸ் ஏறினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

திரும்பி வந்தபோது டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். சிவனம்மாள் அதே ஓரத்தில் இருந்தாள்.

"டெய்லரே, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. தங்கச்சி மேல எந்தத் தப்பும் இல்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஆனா, அது போற வீட்டுல எல்லாம் இதுதான் நடக்கும்ங்குறாங்க. ஆளைப் பாத்து ஜனங்க எரக்கப்பட்டா கணக்கு கெட்டுப் போகுது."

"நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தத்தான் சொன்னாங்க. நான்தான் மல்லுக்கட்டுனேன். ஒட்டஞ்சத்திரம் பக்கம் புதுசா ஆரம்பிக்கப் போறாங்க. அங்க இதை யாருக்கும் தெரியாது. தங்கச்சி ஒரு பொட்டு மட்டும் வச்சுக்கிட்டுப் போனா..."

"பாய்" என்றேன். "டீயக் குடிச்சிட்டு எந்திரிங்க."

"என்ன கலர் பொட்டு சார்?" என்று சிவனம்மாள் கேட்டாள்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நிரந்தரமா?"

"நிரந்தரம்மா. அதுல மாத்தமில்ல."

"தங்கமுத்து?"

"இருப்பான்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொக்கியை எடுத்தாள்.

வீட்டில் அங்கம்மாள் ஆடித் தீர்த்துவிட்டாள். ஊர் என்ன சொல்லும், செத்தவர் வீட்டு ஆட்கள் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரமாட்டார்களா, பார்த்தால் முகத்தை எங்கே வைப்பது என்றெல்லாம் கேட்டாள். "அந்த வீட்டுக்காரங்க நெசத்தச் சொல்றதுக்கு இவ பொய்யச் சுமக்கணுமாக்கும்" என்றாள்.

"நம்ம ஊர்ல வைக்க மாட்டேன் மதினி. பஸ் ஏறுனப்புறம்தான்."

சித்திரையில் உத்தரவு வந்தது. பெட்டிக்கடையில் ஒட்டுப்பொட்டு அட்டை ஒன்று வாங்கிக் குடை உறைக்குள் வைத்துக்கொண்டாள். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் பஸ்ஸிலேயே ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்வாள். திரும்பி வரும்போது அதே இடத்தில் எடுத்து அட்டையில் ஒட்டிவிடுவாள். பசை போகும்வரை ஒரே பொட்டைத்தான் வைப்பாள்.

முதல் நாள் வந்து, அங்கே நடந்ததைத் தாளில் இருப்பதைப் படிப்பதுபோல் சொன்னாள். ஒரு காய்கறி மண்டிக்காரர் வீட்டம்மா, "ஏனுங்க, உங்க வூட்டுக்காரரு என்ன பண்றாருங்க?" என்று கேட்டிருக்கிறார். இவள், மில்லில் பிட்டர் என்று சொல்லியிருக்கிறாள். நல்லா இருக்காருங்களா என்று கேட்டதற்கு, இருக்காருங்க என்று சொல்லியிருக்கிறாள். கிளம்பும்போது அந்த அம்மா குங்குமச் சிமிழை நீட்ட, இவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு முழம் மல்லிகைப்பூவும் கொடுத்திருக்கிறார்.

மாதம் முடிந்து அவள் போய் வந்தபோது, ஒட்டன்சத்திரம் பைகள் எப்படி இருந்தன என்று கேட்டேன். சில பைகளில் பாதி, சிலவற்றில் கால், ஒரு பை காலி என்றாள். காலிப் பையைக் கொடுத்த அம்மா, "இந்த மாசம் ஒண்ணும் வாங்கலைங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். வருத்தப்படவே இல்லையாம். சௌகத் அலி, மெட்ராஸில் எல்லோரும் பாராட்டியதாக வந்து சொன்னார். நான் அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். பொட்டு விஷயத்தைச் சொல்லவில்லை.

பூவை அவள் தலையில் வைத்துக்கொள்வதில்லை. இலையோடு கொண்டுவந்து அடுப்படி மாடத்தில் வைப்பாள். முதல் தடவை அங்கம்மாள் அதைத் தொடவில்லை. அது அங்கேயே வாடி, மூன்றாம் நாள் குப்பைக்குப் போனது. அடுத்த தடவை, "பூ என்ன பாவம் பண்ணுச்சு" என்று எடுத்து வைத்துக்கொண்டாள். அதிலிருந்து மாதாமாதம் அப்படித்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் மழையில் பஸ் தாமதமாகி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. சிவப்பு, சின்னது. மழையில் எடுக்க மறந்திருக்கிறாள்.

அங்கம்மாள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வீட்டிலிருக்கிற பழைய மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் வழிகிற வரைக்கும் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"கைகாலக் கழுவிட்டு வா. சோறு எடுத்து வைக்கிறேன்" என்றாள் அங்கம்மாள்.

சிவனம்மாள் கையைக் கழுவி வந்து உட்கார்ந்தாள். கத்தரிக்காய் வெஞ்சனம். அங்கம்மாள் கேட்காமலே இரண்டாம் தடவை வைத்தாள். அன்றைக்குப் போன வீடுகளைப் பற்றி சிவனம்மாள் சொன்னாள். ஒரு வீட்டில் புதிதாக டிவி வாங்கியிருக்கிறார்கள், அதனால் எல்லாச் சாமானும் குறைந்திருக்கிறது என்றாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். இதற்கு முன் அவள் பேசும்போது நாங்கள் அவள் கையையோ தாளையோதான் பார்ப்போம்.

சாப்பிட்டு எழுந்து, முகம் கழுவப் பின்பக்கம் போனாள். அங்கே சுவரில் நான் சவரம் செய்கிற கண்ணாடி தொங்கும். தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"வந்ததுமே சொல்லக் கூடாதா மதினி?"

"எதை?" என்றாள் அங்கம்மாள். சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். அவள் கொண்டுவந்து மாடத்தில் வைத்திருந்த பூவை எடுத்து இலையைப் பிரித்தாள். தலையில் வைக்கவில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிவனம்மாள் பொட்டை எடுத்து, குடை உறைக்குள் கைவிட்டு அட்டையில் ஒட்டினாள். வந்து உட்கார்ந்து, அன்றைக்குக் கொண்டுவந்த உறைகளைக் கொட்டி, சோப்பு தனி, டீத்தூள் தனி என்று பிரிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம்தான் இருந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டது.